வருஷக்கணக்கா நிக்கிற பழைய புல்லட்டை மறுபடி ஓட வைக்கிறது எப்படி: முழு வழிகாட்டி

நான் இங்க சொல்றது காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350-க்கு. அதாவது வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக், பாயிண்ட் செட் (பிளக்ல பொறி வர வைக்கிற சின்ன சுவிட்ச்), 70 மிமீ போர் (சிலிண்டரோட உள் அகலம்), 90 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்), 346 சிசி, திருவொற்றியூர்ல இருந்து வந்த அந்த பழைய வண்டி. தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டிட்டு மாட்டுக்கொட்டகை ஓரமா நிறுத்தினது, மேல சாக்கு, சீட்டுக்குள்ள எலி, டேங்க்ல துரு, இப்படி இருக்கிற வண்டின்னு வச்சுக்கங்க. யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூடா வர்ற பின்னால வந்த மாடல்) வண்டி வச்சிருக்கவங்களுக்கு டேங்க், பிரேக், டயர் சமாச்சாரம் மட்டும்தான் இதுல உதவும்.

ஒரு விஷயம் மொதல்லயே சொல்லிடுறேன். நின்னு கெட்டுப்போற புல்லட்டை விட, நின்ன வண்டியை வீட்டுக்கு கொண்டு வந்த அன்னைக்கே நாலு பேர் மாத்தி மாத்தி உதைச்சு கெடுத்த புல்லட் ஜாஸ்தி. ஆசை புரியுது, அந்த டப் டப் சத்தம் கேக்கணும், ஆனா போர்ல துரு இருக்கும், ரிங் ஒட்டியிருக்கும், மேல ராக்கர்ல (வால்வை அமுக்குற கை) ஒரு சொட்டு ஆயில் இருக்காது, கீழ கிராங்க் கேஸ்ல (இன்ஜினோட அடிப்பெட்டி) மட்டும் ஆயில் ரொம்பி நிக்கும். அந்த நிலைமையில கிக்கர்ல கால் வைக்காதீங்க. பெயிண்ட் கடைக்கும் போகாதீங்க. வண்டி ஓடி, நின்னு, திரும்பி, லீக் எல்லாம் தெரிஞ்ச பிறகுதான் பெயிண்ட்.

மொதல்ல பேப்பர்

போல்ட்டு கழட்டுறதுக்கு முன்னாடி ஆர்சி புக்கை எடுங்க. அதுல இருக்கிற இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு கண்ணால பாருங்க. அழுக்கு, பெயிண்ட் மேல பெயிண்ட்னு நம்பர் மறைஞ்சிருக்கும், தின்னர் தொட்ட துணியால துடைங்க, கிரைண்டர், எமெரி எதுவும் அந்த இடத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க. நம்பர் தேஞ்ச வண்டிக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல பதில் சொல்லி மாளாது. சொந்த உபயோக வண்டிக்கு பதிவு 15 வருஷம், அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், அதுக்கு படிவம் 25. ஓனர் இறந்துட்டார்னா வாரிசு பேருக்கு மாத்த படிவம் 31, விலைக்கு வாங்கினதுன்னா 29-ம் 30-ம். எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டு பாத்தா ரெக்கார்டு ஏறியிருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். நம்பர் ஒத்துப்போகலன்னா காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க, அவ்வளவுதான்.

கழட்டுறதுக்கு முன்னாடி

போன்ல போட்டோ எடுங்க, நிறைய எடுங்க. வயர் எந்த கலர் எங்க போகுது, கேபிள் ஃபிரேமுக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா, பேட்டரியில எந்த முனை எர்த் (வண்டி பாடியோட சேர்றது), எல்லாம். பழசுல சில வண்டி பாசிட்டிவ் எர்த்தா இருக்கும், 6 வோல்ட்டும் இருக்கும், பாக்காம புது 12 வோல்ட் பேட்டரியை மாட்டிட்டா பல்பு மொத்தமா போயிடும்.

அடுத்து ஸ்பேனர். இந்த வண்டி 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து கம்பெனி ஆரம்பிச்சப்போ வந்த டிசைன், அதனால இஞ்ச் கணக்கு மரை நிறைய இருக்கு, பின்னால வந்த வண்டிகள்ல நடுநடுவுல மெட்ரிக்கும் கலந்துடுச்சு. ஒயிட்வொர்த் ஸ்பேனர் செட் ஒண்ணு வாங்கிடுங்க, சென்னையில ஜி.பி. ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் கிடைக்கும். கையில இருக்கிற 13, 14 ஸ்பேனரை வச்சு தம் கட்டி திருப்பினா நட்டு உருண்டையாயிடும், அப்புறம் உளிதான். துரு பிடிச்ச நட்டுக்கெல்லாம் முந்தின நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடிச்சு விட்டுடுங்க. கழட்டின பழைய பார்ட் எதையும் பழைய இரும்புக்காரருக்கு போடாதீங்க. இப்ப கிடைக்கிற டூப்ளிகேட் லீவரை விட துரு பிடிச்ச ஒரிஜினல் லீவர் எவ்வளவோ மேல், பாலிஷ் போட்டா நிக்கும்.

இன்ஜின் சுத்துதா?

பிளக்கை கழட்டுங்க. ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, பிஸ்டன் தலையில கார்பன் கருப்பா காஞ்சு இருந்தா பரவாயில்ல, செங்கல் கலர்ல துரு தூள் இருந்தா தண்ணி இறங்கியிருக்குன்னு அர்த்தம். ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணுதான். டீசலும் கியர் ஆயிலும் பாதிக்கு பாதி கலந்து (பவர் ஸ்டியரிங்குக்கு ஊத்துற ஏடிஎஃப் கிடைச்சா இன்னும் நல்லது) ஒரு அம்பது மில்லி ஓட்டை வழியா ஊத்தி, துணியால அடைச்சு, ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க. நடுவுல அளவு இறங்கியிருந்தா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.

அப்புறம் சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தி, டாப் கியர்ல போட்டு, பின் வீலை கையால முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டிப் பாருங்க. கிக்கரை மிதிக்கக் கூடாது. ஒட்டின பிஸ்டனை கிக்கரால உடைச்சு எடுக்கணும்னு நெனச்சா கிக்கர் ராட்செட் பல்லு தேயும், ரிங்கு துண்டாகும். நூல் அளவு அசைஞ்சா போதும், மறுபடி ஆயில், மறுபடி ஒரு நாள். அசையவே இல்லன்னா ஹெட்டை கழட்டி, பிஸ்டன் மேல கட்டைய வச்சு தட்டித்தான் இறக்கணும், அது லேத் வேலை வரைக்கும் போகும். போர்ல நகம் வச்சு இழுத்துப் பாருங்க, நகம் மாட்டுற அளவுக்கு கோடோ குழியோ இருந்தா ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன், 20 ஓவர், 40 ஓவர்னு கடையில கேட்டா குடுப்பாங்க. ஏற்கனவே கடைசி ஓவர் வரைக்கும் போன போர்னா ஸ்லீவ் (உள்ள புது குழாய்) போடணும்.

சுத்த ஆரம்பிச்சதும் சந்தோஷத்துல பிளக்கை மாட்டிடாதீங்க. இன்னும் ஆயில் வேலை இருக்கு.

ஆயில்: இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க

புல்லட்டுக்கு தனியா ஆயில் டேங்க் தொங்காது, கிராங்க் கேஸோடயே சேர்ந்த ஒரு அறைதான் டேங்க். பம்ப் அங்கேர்ந்து ஆயிலை எடுத்து கிராங்குக்கு அனுப்பும், திரும்பி வர்றதை ராக்கருக்கு ஏத்தி மறுபடி அந்த அறைக்கே கொண்டு வரும். வண்டி மாசக்கணக்கா நின்னா பம்ப் வழியா ஆயில் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு ஃப்ளைவீல் சுத்துற பக்கம் இறங்கிடும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாத்தா ஆயிலே இல்லாத மாதிரி காட்டும், வண்டிக்காரரு மேல ரெண்டு லிட்டர் ஊத்துவாரு, உதைச்சதும் பிரீதர் (இன்ஜின் மூச்சு விடுற குழாய்) வழியா ஆயில் பீச்சி அடிக்கும், சைலன்சர்ல கொசு மருந்து வண்டி கணக்கா புகை வரும், உடனே ரிங் போச்சுன்னு இன்ஜினைப் பிரிச்சுடுவாங்க. ரிங் போகல சார், ஆயில் இடம் மாறி இருந்துச்சு.

அதனால மேல எவ்வளவு காட்டினாலும் நம்பாதீங்க. அடியில இருக்கிற டிரெயின் பிளக் எல்லாத்தையும் கழட்டி, ராத்திரி முழுக்க வடிய விடுங்க. வர்றது காப்பித்தூள் டிகாக்‌ஷன் கலர்ல இருந்தா சரி, வெள்ளையா மோர் மாதிரி வந்தா தண்ணி கலந்திருக்கு, அப்ப கொஞ்சம் மலிவான ஆயில் ஊத்தி கையால சுத்தி மறுபடி ஒரு தடவை வடிக்கணும். டிரெயின் பிளக்ல ஒட்டியிருக்கிறதை விரல்ல தேய்ச்சுப் பாருங்க. சாம்பல் கலர் பேஸ்ட் சகஜம். பித்தளை கலர்ல மினுமினுன்னு செதில் வந்தா பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோட சேர்ற கீழ் முனை) பக்கம் சந்தேகப்படணும், ஏன்னா பழைய புல்லட்ல பிக் எண்ட்ல ரோலர் பேரிங் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ்தான், ஆயில் இல்லாம ரெண்டு நிமிஷம் சுத்தினாலே அது போயிடும். சிலிண்டரை கழட்டியிருந்தா, கனெக்டிங் ராடை மேலயும் கீழயும் அசைச்சா டக்குனு சத்தம் வருதான்னும் பாத்துடுங்க.

டைமிங் கவர்ல இருக்கிற ஃபில்டரை மாத்துங்க, துணி மாதிரி ஃபெல்ட்ல இருக்கும், விலை ரொம்ப கம்மி. ஃபில்டர் போடுறப்போ அந்தக் குழி நிறைய ஆயில் ஊத்தியே மூடுங்க, காலியா மூடினா அது ரொம்புற வரைக்கும் பிக் எண்டுக்கு ஆயில் போகாது. மொத்தம் ரெண்டேகால் லிட்டர் கிட்ட பிடிக்கும், 20டபிள்யூ50 போதும், விலை கூடின சிந்தெடிக் எல்லாம் இதுக்கு தேவையே இல்ல, சந்து சந்தா வெளிய வரத்தான் போகுது. மேல ராக்கர் கவர் ரெண்டையும் திறந்து கரண்டியால ஆயில் ஊத்துங்க. பிளக் இல்லாமலே கிக்கரை கையால மெதுவா அமுக்கி பம்பை கொஞ்ச நேரம் சுத்துங்க.

கியர் பாக்ஸ் தனி, பிரைமரி செயின் கேஸ் தனி, ரெண்டுக்கும் தனித்தனி ஆயில், இதை மறந்துடாதீங்க. கியர் பாக்ஸுக்கு 90 நம்பர் ஆயில். லீக் ஆகுதுன்னு பழைய மெக்கானிக்குங்க கிரீஸ் கலந்து அடைச்சிருப்பாங்க, காஞ்சு களி மாதிரி கிடந்தா மண்ணெண்ணெய் ஊத்தி கரைச்சு எடுங்க.

பெட்ரோல் டேங்க், கார்பரேட்டர்

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடிக்கும், அதை வண்டியில ஊத்தி ஓட்டிடலாம்னு பாக்காதீங்க. டேங்க்கை கழட்டி, பெட்ரோல் டேப்பை கழட்டி, ஓட்டையை அடைச்சு, உள்ள ஒரு கைப்பிடி அளவு நட்டு போல்ட்டோ பழைய சைக்கிள் செயினோ போட்டு வினிகர் ஊத்தி குலுக்குங்க. ஒரு நாள் ஊறட்டும். ரொம்ப மோசமா இருந்தா பாஸ்பரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவர், கையுறை கண்ணாடி போட்டுக்கிட்டு. கழிவறை கழுவுற ஆசிட் வேண்டாம், துருவோட சேர்த்து தகரத்தையும் தின்னுடும், வெளிய வழிஞ்சா அந்த ஒரிஜினல் பெயிண்ட்டும் கையால போட்ட கோல்டன் லைனும் போச்சு. ஆசிட் வேலை முடிஞ்சதும் சோடா உப்பு கரைச்ச தண்ணியில அலசி, உடனே வெயில்லயோ ஹேர் டிரையர்லயோ காய வச்சு, கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலும் கலந்து உள்ள சுழட்டி விட்டுடுங்க, இல்லன்னா சாயந்திரத்துக்குள்ள மறுபடி சிவந்துடும். செயினை எடுத்தாச்சான்னு எண்ணிக்கிட்டு மூடுங்க.

கார்பரேட்டர் பெரும்பாலும் மிக்கார்ப் விஎம்24-ஆ இருக்கும். ஃப்ளோட் கிண்ணத்தை கழட்டினா பச்சையா பாசி மாதிரி படிஞ்சிருக்கும். மெயின் ஜெட்டையும் ஸ்லோ ஜெட்டையும் கழட்டி கார்ப் கிளீனர்ல ஊற வச்சு, ஓட்டை வழியா வெளிச்சம் வட்டமா தெரியுதான்னு பாருங்க. கம்பி விட்டு குத்தாதீங்க, பித்தளை மெத்து, ஓட்டை பெருசாச்சுன்னா மைலேஜ் கதை முடிஞ்சுது. ஃப்ளோட் நீடில் முனையில வளையமா தேஞ்சிருந்தா மாத்துங்க. ஸ்லைடுல கீறல் இருந்து கையில பிடிச்சு ஆட்டினா லொடலொடன்னு இருந்தா ஸ்லோ ஸ்பீடு நிக்கவே நிக்காது, அதுக்கு எந்த டியூனிங்கும் பிரயோஜனம் இல்ல. ஏர் ஸ்க்ரூவை முழுசா இறுக்கி ஒன்றரை சுத்து வெளிய எடுத்து வச்சு ஆரம்பிங்க. ரப்பர் ஹோஸ், வாஷர் எல்லாம் புதுசு போடுங்க, இப்ப பங்க்ல வர்றது எத்தனால் கலந்த ஈ20, பழைய ரப்பர் அதுல ஊறி பிசுபிசுத்துப் போயிடும். அதே எத்தனால் தண்ணியை இழுக்கும், அதனால வேலை நடக்கிற வரைக்கும் டேங்க் நிறைய ரொப்பி வைக்காம ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர்லயே ஓட்டுங்க.

பாயிண்ட், டைமிங்

பாயிண்ட் மூடியை திறங்க. நின்ன வண்டியில பாயிண்ட் முகத்துல ஒரு படலம் படிஞ்சிருக்கும், கரன்ட் போகாது. நைஸ் எமெரியை மடிச்சு ரெண்டு இழுப்பு, அப்புறம் பெட்ரோல்ல நனைச்ச விசிட்டிங் கார்டு மாதிரி கெட்டி பேப்பரை விட்டு இழுத்து துடைங்க, எமெரி தூள் உள்ள நின்னா மறுபடி அதே கதைதான். கேப் 0.35-ல இருந்து 0.40 மிமீ. முகம் ரொம்ப எரிஞ்சு குழி விழுந்திருந்தாலோ ஓடறப்போ பாயிண்ட்ல நீலமா பெருசா பொறி பறந்தாலோ கண்டன்சர் போயிருக்கு, ரெண்டையும் சேர்த்தே மாத்திடுங்க.

அதுக்குக் கீழ ஆட்டோ அட்வான்ஸ் யூனிட்னு (வேகம் கூடினா பொறியை முன்கூட்டியே விடுறது) ஒண்ணு இருக்கு, ரெண்டு வெயிட்டும் ரெண்டு குட்டி ஸ்பிரிங்கும். கேமை விரலால திருப்பி விட்டா தானா திரும்பி வரணும். துரு பிடிச்சு அட்வான்ஸ்லயே மாட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா கிக் திருப்பி அடிக்கும் பாருங்க, கணுக்காலுக்கு கட்டு போட்டுக்கிட்டு உக்கார வேண்டியதுதான். நிறைய பேர் திருப்பி அடிக்கிறது புல்லட்டோட குணம்னு பெருமையா சொல்லுவாங்க, குணம் இல்ல, டைமிங் தப்பு. பிஸ்டன் மேல வந்து நிக்கிறதுக்கு 0.8 மிமீ முன்னாடி பாயிண்ட் திறக்கணும், கேம் அட்வான்ஸ் ஆகாத நிலையில. திறக்கிற நேரத்தைக் கண்டுபிடிக்க சிகரெட் சுத்துற மாதிரி மெல்லிசு பேப்பரை பாயிண்ட் நடுவுல வச்சு லேசா இழுத்துக்கிட்டே வீலை சுத்துங்க, பேப்பர் விடுற இடம்தான் அது.

சாவியைப் போட்டு இன்ஜினை மெதுவா சுத்தினா அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாஞ்சு, பாயிண்ட் திறக்கிறப்போ நடுவுக்கு வரணும். முள் அசையவே இல்லன்னா பேட்டரியில இருந்து பாயிண்ட் வரைக்கும் எங்கயோ வயர் கட், பெரும்பாலும் எலி கடிச்சது ஹெட்லைட் டூமுக்குள்ளயோ டேங்க்குக்கு அடியிலயோதான் இருக்கும். முள் நடுவுக்கு திரும்பலன்னா எங்கயோ ஷார்ட் ஆகுது. மல்டி மீட்டர் இல்லாமலே இவ்வளவு சொல்லும் அந்த சின்ன முள்.

டேப்பெட், கிளட்ச், கேபிள்

டேப்பெட்டை, அதாவது வால்வுக்கு விடுற இடைவெளியை, இன்ஜின் குளிர்ந்திருக்கிறப்போதான் வைக்கணும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல பிஸ்டனை மேல கொண்டு வந்து (பிளக் ஓட்டையில கட்டை விரலை வச்சா காத்து தள்ளும்) சைடு கவரைத் திறந்து, புஷ்ராடு விரலால லேசா சுத்தணும், மேல கீழ ஆட்டம் இருக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் ஒரு துளி ஃப்ரீயா இருக்கலாம். ஃபீலர் கேஜ் எல்லாம் வேண்டியதில்ல.

கிளட்ச் பிளேட் நிச்சயம் ஒட்டியிருக்கும். லீவரை இழுத்து கயிறு கட்டி, கியர்ல போட்டு வண்டியை முன்ன பின்ன தள்ளினா நிறைய நேரம் பட்டுனு விட்டுடும், விடலன்னா கவரைத் திறந்து பிளேட்டைப் பிரிச்சு கழுவணும். கேபிள் எல்லாத்தையும் புதுசாவே வாங்கிடுங்க, டி-கம்ப்ரஸர் (சிலிண்டர்ல இருக்கிற அழுத்தத்தை வெளிய விடுற குட்டி வால்வு) கேபிளும் சேர்த்து. டி-கம்ப்ரஸர் வால்வு கார்பன்ல ஒட்டி திறந்தே நின்னா கம்ப்ரஷன் வராது, ஹெட் போச்சுன்னு தேவையில்லாம பயப்படுவீங்க.

ஸ்டார்ட்

ஷூ போடுங்க. பக்கத்துல ஒரு பக்கெட் மணல் வைங்க. புது பிளக், புது பெட்ரோல், சோக், சாவி ஆன், ஆக்சிலேட்டர் திருகக் கூடாது. கிக்கரை மெதுவா அமுக்கிக்கிட்டே வாங்க, ஒரு இடத்துல கல்லு மாதிரி நிக்கும், முள்ளைப் பாருங்க, நடுவுக்கு வந்திருக்கும். இப்ப டி-கம்ப்ரஸரைப் பிடிச்சு ஒரு ரெண்டு விரக்கடை தாண்ட விட்டு, லீவரை விட்டுட்டு, கிக்கரை மேல வர விட்டு, முழு நீளத்துக்கும் ஒரே மிதி. பலம் முக்கியமில்ல, பாதியில காலை எடுக்காம இருக்கிறதுதான் முக்கியம்.

பிடிச்சுதுன்னா கொஞ்சம் புகை வரும், ஊத்தின டீசலும் ஆயிலும் எரியுது, பயப்படாதீங்க. முறுக்காதீங்க. ஸ்லோவுக்கு கொஞ்சம் மேல வச்சுக்கிட்டு, மேல ராக்கருக்கு போற பைப்போட பேஞ்சோ போல்ட்டை (உள்ள ஓட்டை வழியா ஆயில் போற போல்ட்டு) அரை சுத்து லூஸ் பண்ணுங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள ஆயில் கசியணும். வரலன்னா உடனே நிறுத்துங்க, பம்ப் ஏர் லாக்கா, ஃபில்டர் தப்பா உக்காந்திருக்கா, பம்ப் கவர் தேஞ்சிருக்கான்னு பாக்காம மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயில் வந்தா இறுக்கிட்டு அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தி, டிப் ஸ்டிக் பாத்து குறைஞ்சதை ஊத்துங்க. ஆக்சிலேட்டர் கொஞ்சம் குடுத்தா அம்மீட்டர் பிளஸ் பக்கம் போகணும், போகலன்னா சார்ஜிங் இல்ல, ரெக்டிஃபையர் பக்கம் போங்க.

நிக்கிறதும் முக்கியம்

டயர்ல நூல் தெரியலயேன்னு ஓட்டாதீங்க. சைடுல நாலு இலக்க நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். அந்த நம்பரே மூணு இலக்கமா இருந்தா அது 2000-க்கு முந்தின டயர், கேள்வியே இல்லாம தூக்கிப் போடுங்க. முன்னாடி பின்னாடி ரெண்டுமே 3.25-19, டியூபும் ரிம் டேப்பும் சேர்த்து மாத்துங்க. பிரேக் டிரம்மைத் திறந்தா தூசியை வாயால ஊதாதீங்க, பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, ஈரத்துணியால துடைச்சு எடுங்க. லைனர் ஷூவை விட்டு உரிஞ்சிருக்கும், லைனர் ஒட்டுற கடையில குடுத்தா டிரம் அளவுக்கு கடைஞ்சே குடுப்பாங்க. வீல் பேரிங், ஃபோர்க் ஆயில், ஹேண்டில் பார் கோன் செட், செயின், இதெல்லாம் எந்த வண்டிக்கும் உள்ள வேலைதான். முதல் தடவை ஓட்டுறப்போ காலியான ரோட்ல ஓட்டுங்க, அவசரத்துல வலது காலை அமுக்கினா பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும், பழகறதுக்கு கொஞ்ச நாள் ஆகும்.

ரீபோர் பண்ணின வண்டின்னா 500 கிலோமீட்டர் வரைக்கும் அம்பதைத் தாண்டாதீங்க, நடுநடுவுல நிறுத்தி ஆற விடுங்க. பண்ணலன்னாலும் முதல் ஆயிலை முன்னூறு கிலோமீட்டருக்குள்ள மாத்திடுங்க, உள்ள இருக்கிற பழைய கசடெல்லாம் அதுல கரைஞ்சு வந்திருக்கும். அப்பவே ஹெட் நட்டை குளிர்ந்த இன்ஜின்ல ஒரு தடவை இறுக்கி, டேப்பெட்டும் பாயிண்ட் கேப்பும் மறுபடி பாருங்க. அடியில அட்டையை விரிச்சு ராத்திரி நிறுத்தி வச்சா காலையில எந்த இடத்துல சொட்டியிருக்குன்னு தெரியும், பிரைமரி கவர்லயா, கியர் ஸ்ப்ராக்கெட் பின்னாலயா, டைமிங் கவர்லயான்னு பேனாவால குறிச்சு வச்சு ஒவ்வொரு கேஸ்கெட்டா சரி பண்ணலாம். அட்டை ஓரளவு காஞ்சு நிக்க ஆரம்பிச்சதும் டேங்க்கையும் மட்கார்டையும் கழட்டி பெயிண்டருக்கு அனுப்புங்க, கோல்டன் லைன் போடுற ஆளு யாருன்னு அதுக்குள்ள விசாரிச்சு வச்சுக்கங்க, ஸ்டிக்கர் ஒட்டுறேன்னு சொல்றவர்கிட்ட குடுக்காதீங்க.